நான்கு முதுகுகள்

மெரிபேங்க் வானத்தில் எண்ணெய் ஆலையின் புகைக்கூண்டு
ஒற்றைத் தீநாக்கை நீட்டுகிறது.
பிப்ரவரி வெக்கை. புல் வெட்டும் இயந்திரம் பழுது.
முதல் ஆட்டத்துக்கு இருபத்திரண்டு நாள்.

தற்காப்பு வரிசை இந்த வருஷம் தேறுமா என்று
மிஸ் படையாச்சி
தாளும் பேனாவுமாக எல்லாரையும் விசாரிக்கிறார்,
கோல் அடிக்கப் போகிறவர்களைக் கூட.
என்னை அல்லவா கேட்க வேண்டும்?
தொண்ணூறு நிமிஷமும் அந்த நான்கு முதுகுகளைப்
படித்துக்கொண்டு நிற்பவள் நான்.

நொக்வாண்டா. வலது ஓரம். எண் இரண்டு.
உம்லாஸியிலிருந்து இரண்டு டாக்ஸி மாறி வருகிறாள்,
வந்த வேகம் அடங்காமலே ஓடுகிறாள்.
முன்னேறிப் போனால் போனதுதான்,
மைத்துனனுக்குக் கொடுத்த கடன் மாதிரி.
அவள் விட்டுப்போன இடத்தில்
ஹடீடா பறவைகள் இறங்கிப் புழு கொத்தும்.

நடுவில் கெருஷா நாயுடு.
தோள்பட்டை இரண்டும் கதவு போல.
ஆனால் பந்து உயரே வந்தால் அந்தக் கதவு
ஒரு விரற்கடை சாய்கிறது.
போன ஆகஸ்டில் உடைந்த முன்பல்
இன்னும் அவள் கழுத்தில்தான் வலிக்கிறது.
பல் மருத்துவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பக்கத்தில் ஷான்டெல், வென்ட்வொர்த்துக்காரி.
நடுவரிடம், எதிராளியிடம், பந்திடம், கடவுளிடம்,
எல்லாரிடமும் ஒரே சமயத்தில் வழக்காடுவாள்.
அவள் பேசும்வரை பயமில்லை.
பேச்சு நின்றால் நான் முழங்காலை வளைத்துக்கொள்வேன்.
போன வருஷம் ஒரு தடவை நின்றது:
வேலியே பயிரை மேய்ந்த அன்று,
அவள் தலையில் பட்ட பந்து என் வலைக்குள் வந்த அன்று.

இடது ஓரம்...
இடது ஓரத்தைப் பற்றி என்ன சொல்ல.
திலோஷ்னி போய்விட்டாள்.
ப்ராஸ்பெக்டன் கார் ஆலையில் இரவு ஷிப்ட்,
கதவுக்கு ரப்பர் பதிக்கும் வேலை.
வியாழக்கிழமை சீருடையோடு வந்து
கம்பிவேலிக்கு வெளியே பத்து நிமிஷம் நிற்கிறாள்.
நிற்கும்போது இடது கால்
தானாக ஒரு கல்லை ஒதுக்குகிறது.

அவள் சட்டை இப்போது தெஷ்னிக்கு.
போர்ட் ஷெப்ஸ்டன் பெண், முதலாமாண்டு, ஊதினால் பறப்பாள்.
சட்டை முழங்காலைத் தொடுகிறது என்று
பாதியைக் கால்சட்டைக்குள் திணித்திருந்தாள்.
எண் மூன்றின் கீழ்வளைவு உள்ளே போக
கோல்கம்பத்திலிருந்து பார்த்தால் மிச்சம் இரண்டு.
முதல் வாரம் முழுக்க அவளை ரெண்டு என்றே கூப்பிட்டேன்.
புதியவள். திருத்தவில்லை.

போன செவ்வாய் பயிற்சி ஆட்டம்.
வலது ஓரம் வழக்கம்போல ஊருக்குப் போயிருந்தது.
"ரெண்டு, இறங்கு!" என்று கத்தினேன்.
இரண்டு ரெண்டும் இறங்கின.
முகம் திருப்பாமல், பின்னோக்கியே ஓடி வந்து நின்றபோது
ஒரு மூச்சு நேரம்
நூல் பிடித்த மாதிரி நான்கு முதுகும் ஒரே கோட்டில்.
பந்தோடு வந்தவள் வழி தேடினாள்,
இல்லை என்று திரும்பிப் போனாள்.
ஷான்டெலே வாயடைத்து நின்றாள்.
நான் முழங்காலை வளைத்தேன். வீணாக.

மிஸ் படையாச்சி, எழுதிக்கொள்ளுங்கள்.
முதல் மூன்று ஆட்டம் அடி வாங்குவோம்.
கால்வாய்ப் பக்கம் சரியும் நம் மைதானத்தில்
இரண்டாம் பாதி பள்ளத்தில் நின்றால் இன்னும் ஒன்று கூட.
கெருஷாவுக்கு முதலில் பலூன் போடுங்கள், பந்து பிறகு.
தெஷ்னிக்குச் சின்ன சட்டை வாங்க வேண்டாம்.

இன்னொன்று. இதைத் தாளில் ஏற்ற வேண்டாம்.
ஆட்டத்தில் அவர்கள் முகத்தை நான் பார்ப்பது
கோல் விழுந்த பிறகுதான்.
நால்வரும் மெல்லத் திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.
போன வருஷம் முப்பத்தொரு தடவை.
கெருஷாவின் புருவத்தில் எத்தனை மயிர் என்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
தெஷ்னி திரும்பினால் எப்படி இருப்பாள் என்று
எனக்கு இன்னும் தெரியாது.